மூன்றாம் பக்கம்

ஜூன் 3

அன்புள்ள அண்ணிக்கு,

இங்கே எல்லோரும் நலம். எல்லோரும் என்றால் நான் ஒருத்திதான். தொண்டைக்கட்டு மட்டும் விடவில்லை, அது தொழிலோடு வந்தது. உங்கள் ரத்த அழுத்தம் எப்படி இருக்கிறது? அண்ணன் முழங்காலுக்கான பயிற்சியைச் செய்கிறாரா, செய்ததாகச் சொல்கிறாரா?

ஃபோனில் பேசியிருக்கலாம். பேசினால் நீங்கள் அண்ணனின் மாத்திரையில் ஆரம்பித்து அங்கேயே முடித்துவிடுவீர்கள். நம் பல்கலைக்கழகத்தின் இரண்டு வளாகங்களுக்கும் நடுவே வாரம் ஒருமுறை போகிற தபால் பையில் இதைப் போடுகிறேன். நீங்களும் புத்தகக் கட்டுகளோடு பதில் வையுங்கள்.

விஷயம் இது. போன வாரம் வகுப்பில், புள்ளியியல் பாடநூல் யாரிடமெல்லாம் இருக்கிறது என்று கேட்டேன். அறுபத்திரண்டு பேரில் பத்தொன்பது கைகள் உயர்ந்தன. மற்றவர்கள் அடுத்தவர் புத்தகத்தை ஃபோனில் படம் பிடித்து வைத்துக்கொள்கிறார்களாம். புள்ளியியல் சொல்லித் தருகிற எனக்கு இந்த ஒரு கணக்கை எடுக்க இருபத்தோரு வருடம் ஆகியிருக்கிறது.

பல்கலைக்கழகத்தில் இலவசப் பாடநூல் குழு ஒன்று அமைத்திருக்கிறார்கள். குழுக்கள் மேல் எனக்கு நம்பிக்கை கிடையாது. இருந்தும் சேர்ந்திருக்கிறேன். எங்கோ தூரத்தில், ஒரு சிறிய கல்லூரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் நல்ல புள்ளியியல் நூல் எழுதி, யார் வேண்டுமானாலும் இலவசமாகப் படிக்கலாம், அச்சடிக்கலாம், மாற்றியும் எழுதலாம் என்று இணையத்தில் போட்டிருக்கிறார். ஒன்பது அத்தியாயங்கள். உதாரணங்களை நம் மாணவர்களுக்கு ஏற்றபடி மாற்றி, கடைசியில் இரண்டு அத்தியாயங்களை நானே எழுதிச் சேர்க்கலாம் என்றிருக்கிறேன். அவர் வைத்திருக்கும் நிபந்தனை ஒன்றே ஒன்று: முதலில் எழுதியவர் பெயரை விட்டுவிடக் கூடாது. இதைவிட மலிவாக ஒரு புத்தகம் கிடைக்குமா?

குழுவில் பாதிப் பேர் புத்தகக் கடைகளை எதிரணி மாதிரி பேசுகிறார்கள். உங்கள் வளாகத்துக் கடையை நடத்துகிறவர் என் அண்ணி என்று நான் சொல்லவில்லை. கடைக்காரர்களைக் கேட்காமல் செய்தால் இது உருப்படாது என்று மட்டும் சொன்னேன். எங்களோடு சேருவீர்களா?

அன்புடன்,
பாப்பா
(நாற்பத்தெட்டு வயதில் என்னை இப்படிக் கையெழுத்துப் போட வைக்கிறவர் நீங்கள் ஒருவர்தான்.)

ஜூன் 14

பாப்பாவுக்கு,

தொண்டைக்கு வெந்நீர் குடி, வாயை மூடு. ரெண்டாவதுதான் உனக்குக் கஷ்டம். என் பிரஷர் நார்மல். உங்க அண்ணன் பயிற்சி பண்றேன்னு கதவைச் சாத்திக்கிறாரு. உள்ள இருந்து ரேடியோ சத்தம் மட்டும் வருது.

நீங்க படிச்சவங்க இலவசம்னு அறிவிச்சிட்டுப் போயிடுவீங்க. கடையில என்ன நடக்கும்னு நான் சொல்றேன் கேளு. செமஸ்டர் ஆரம்பிச்சா பிள்ளைங்க பாடப் பட்டியலைக் கையில வச்சுக்கிட்டு வருவாங்க. அலமாரியில ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு இடம் இருக்கு. இலவசப் புக்குன்னா அந்த இடம் காலியாக் கிடக்கும். காலியைப் பார்த்தா அவங்க என்ன நினைப்பாங்க? ஒண்ணு, தீர்ந்துபோச்சு. இல்ல, இந்தப் பாடத்துக்குப் புக்கே கிடையாது. ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு வாத்தியார் இப்படித்தான் இணையத்துல இருக்கற புக்கை வச்சுட்டு என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல. பாதி வகுப்பு புக்கைக் கண்ணால பார்க்காமலே பரீட்சை எழுதுச்சு. திட்டு மட்டும் எனக்கு.

அதனால அந்தக் காலி இடத்துல நான் ஒரு அட்டை வைக்கிறேன். ‘இந்தப் புத்தகம் இலவசம், உங்க ஃபோனை இங்கே காட்டுங்க’ன்னு எழுதி, கீழ அந்தக் கட்டம் போட்ட படம். காகிதத்துல வேணும்ங்கறவங்களுக்கு நாங்களே அச்சடிச்சு, ஸ்பைரல் போட்டு, அடக்க விலைக்குத் தர்றோம். எங்களுக்கு இதுல ஒண்ணும் நிக்காது. ஆனா பிள்ளைங்க உள்ள வந்தா ஒரு பேனாவாவது வாங்குவாங்க இல்ல?

கடையில வேலை பார்க்கற மூணு பொண்ணுங்ககிட்டயும், எங்க நாத்தனார் ஒரு புக்கு தயார் பண்றான்னு சொன்னேன். ஒருத்தி கேக்கறா, ‘அப்ப அதுல உங்களைத் திட்டித்தான மேடம் எழுதியிருப்பாங்க?’

சேர்றேன். நேரத்துக்குச் சாப்பிடு.

அண்ணி

ஜூலை 16

பாப்பாவுக்கு,

நாங்க சௌக்கியம். உன் கண்ணு எரிச்சல்னு உங்க அண்ணன் சொன்னாரு. ராவும் பகலும் அந்தக் கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்தா எரியாம என்ன பண்ணும்?

உன் கோப்பு வந்துச்சு. நேத்து இன்னொரு தடவையும் வந்துச்சு. முதல்ல வந்ததுல மூணாம் பக்கத்துல அந்தப் பெரியவர் பேரு, அவரோட புக்கு பேரு, எந்த அத்தியாயம் அவரோடது, எது உன்னோடதுன்னு தெளிவா எழுதியிருந்த. நேத்து வந்ததுல அந்தப் பக்கம் இல்ல. அட்டையில உன் பேரு மட்டும் முன்னைவிடக் கொஞ்சம் பெருசா இருக்கு. மாத்தி அனுப்பிட்டியா?

எதை அடிக்கணும்னு சொல்லு. இருபத்தஞ்சாம் தேதிக்கு மேல அச்சு மெஷினை வினாத்தாளுக்கு எடுத்துக்குவாங்க.

அண்ணி

ஜூலை 22

அன்புள்ள அண்ணிக்கு,

கண் எரிச்சல் பரவாயில்லை, சொட்டு மருந்து போடுகிறேன். உங்களுக்கு உப்பைக் குறைக்கச் சொன்னார்களே, குறைத்தீர்களா? அண்ணனுக்கு முழங்கால் உறை ஒன்று வாங்கி இந்தப் பையிலேயே வைத்திருக்கிறேன். அளவு சரியாக இல்லாவிட்டால் திருப்பி அனுப்பச் சொல்லுங்கள், மாற்றித் தருவார்கள். மாடிப்படியை அவர் ஒரு நாளைக்கு ஒருமுறைக்கு மேல் ஏறக் கூடாது. இங்கே வெயில் குறைந்திருக்கிறது, அங்கே எப்படி?

இரண்டாவதாக வந்த கோப்பையே அச்சிடுங்கள். பக்க எண்ணிக்கை நாலின் மடங்காக வரவேண்டும் என்று ஒருமுறை சொன்னீர்களே, அதற்காக ஒரு தாளைக் குறைத்தேன். அந்த விவரம் இணையப் பதிப்பில் இருக்கும்.

அன்புடன்,
பாப்பா

ஆகஸ்ட் 20

பாப்பாவுக்கு,

எல்லாரும் நல்லா இருக்கோம். உறை சரியா இருக்கு. அதைப் போட்டுக்கிட்டு உங்க அண்ணன் ராணுவத்துல சேரப்போறவர் மாதிரி நடக்கறாரு.

அலமாரியில வச்ச அட்டை நல்லா வேலை செய்யுது. பிள்ளைங்க வந்து நிக்குது, ஃபோனைக் காட்டுது, ‘நிஜமாவே காசு இல்லையா, அப்புறம் கேக்க மாட்டீங்களே?’ன்னு என்னையே சந்தேகமா பார்க்குது. ஒரு பொண்ணு அச்சுப் பிரதியை வாங்கிட்டு, ‘இந்த ஒரு பாடத்துலயாவது நான் முதல் நாளே புக்கோட போவேன்’னு சொல்லிச்சு. அதைக் கேட்டதும் உன்கிட்டச் சொல்லணும்னு தோணிச்சு. முந்நூறு பிரதி போயிடுச்சு, இன்னும் இருநூறு அடிக்கறோம்.

நாலின் மடங்கெல்லாம் நடுவுல மடிச்சுப் பின் அடிக்கற புக்குக்குத்தான் பாப்பா. ஸ்பைரலுக்குக் கிடையாது. ஒத்தைத் தாளாத்தான் கோக்கறோம். சரி, உன் புக்கு, உன் இஷ்டம்.

நம்ம குடும்பத்துல அட்டையில பேரு வந்த முதல் ஆள் நீதான். உங்க அண்ணன் ஒரு பிரதியை முன் அறையிலேயே வச்சிருக்காரு. தண்ணி மீட்டர் பார்க்க வந்தவர்கிட்டக் கூடக் காட்டிட்டாரு. அவர் பாவம், ‘நமக்குக் கணக்கு வராதுங்க’ன்னு சொல்லிட்டுப் போனாரு.

அண்ணி

அக்டோபர் 9

அன்புள்ள அண்ணிக்கு,

நீண்ட நாளாக எழுதவில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை. உங்களுக்குத் தலைசுற்றல் வந்ததாக அண்ணன் சொன்னார். மருத்துவரிடம் போனீர்களா? ரத்தப் பரிசோதனை செய்யச் சொன்னால் தள்ளிப்போடாதீர்கள். மாத்திரையை நேரத்துக்குப் போடுகிறீர்களா?

செப்டம்பரில் இங்கே ஒரு விழா வைத்தார்கள். துணைவேந்தர் மேடையில் என் பக்கம் கை காட்டி, ‘நம் பேராசிரியை எழுதிய நூல்’ என்றார். நன்றி சொல்ல எழுந்தபோது நான் அதைத் திருத்தியிருக்கலாம். தொண்டை கட்டியிருந்தது.

போன வாரம் அந்த ஓய்வு பெற்ற ஆசிரியரிடமிருந்து பல்கலைக்கழகத்துக்கு ஒரு கடிதம் வந்தது. அவருடைய பழைய மாணவர் ஒருவர் அச்சுப் பிரதியைப் பார்த்துவிட்டுச் சொன்னாராம். அடுத்த அச்சில் தன் பெயரையும் எங்காவது சேர்க்க முடியுமா என்று இரண்டே வரியில் கேட்டிருக்கிறார். பதிவாளர் உடனே கூட்டம் கூட்டினார். இருந்த ஒரே நிபந்தனையையும் மீறிவிட்டோம், திட்டத்தையே நிறுத்த வேண்டும் என்றார் ஒருவர். இணையப் பதிப்பின் கடைசிப் பக்கத்தில் பெயர் இருப்பதை நான் காட்டினேன். அங்கே இருக்கிறது, அச்சில் மட்டும் இல்லை என்பதால், கடையில் அச்சுக்குப் போனபோது ஏதோ தவறு நேர்ந்திருக்கும் என்று முடிவு செய்தார்கள். நான் அதற்கு மேல் எதுவும் பேசவில்லை. திட்டம் தப்பித்தது.

இதனால் பெரிதாக எதுவும் வராது என்று நினைக்கிறேன். வந்தால் எழுதுங்கள். உப்பைக் குறையுங்கள்.

அன்புடன்,
பாப்பா

அக்டோபர் 20

பாப்பாவுக்கு,

நல்லா இருக்கோம். செவ்வாய்க்கிழமை பதிவாளர் ஆபீஸ்ல இருந்து வந்தாங்க. கேட்டாங்க, பதில் சொன்னேன். புது அச்சுல மூணாம் பக்கம் சேர்த்தாச்சு.

பை நிறைஞ்சுபோச்சு, அதான் சுருக்கம்.

அண்ணி

நவம்பர் 12

அன்புள்ள அண்ணிக்கு,

நீங்கள் இருவரும் நலமாக இருக்க வேண்டும். மூன்று வாரமாகப் பை வருகிறது, உங்கள் கடிதம் வரவில்லை. கட்டுகளின் மேல் விலாசம் எழுதியிருப்பதும் உங்கள் கையெழுத்தாக இல்லை. கையில் ஏதாவது வலியா?

அவர்கள் என்ன கேட்டார்கள், நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று எழுதவில்லை. கேட்கத்தான் இந்தக் கடிதத்தை ஆரம்பித்தேன். இந்த வரிக்கு வந்ததும், எழுத வேண்டாம் என்று சொல்லிவிடலாம் போல இருக்கிறது. இரண்டு முறை ஃபோன் செய்தேன். இரண்டு முறையும் அண்ணன்தான் எடுத்தார். முழங்காலைப் பற்றிப் பேசிவிட்டு வைத்துவிட்டேன். உங்களைக் கூப்பிடச் சொல்லவில்லை.

அன்புடன்,
பாப்பா

டிசம்பர் 11

பாப்பாவுக்கு உன் அண்ணன் எழுதுவது.

நான் கடிதம் எழுதி இருபது வருஷம் இருக்கும். எழுத்து கோணலா இருந்தா சிரிக்காதே. கால் பரவாயில்ல. நீ எப்படி இருக்க? இது உங்க அண்ணிக்குத் தெரியாது. தபால் நிலையத்துக்கு நானே நடந்து போய்ப் போடறேன்.

போன வாரம் அவ மூக்குக் கண்ணாடியை வீட்டுலயே மறந்துட்டுப் போயிட்டா. கொடுக்கலாம்னு கடைக்குப் போனேன். அவ மேஜையில யாரோ ஒரு தம்பி உக்காந்திருக்காரு, தலைமை அலுவலகத்துல இருந்து போட்டிருக்காங்களாம். இவ பின்னாடி கிடங்குல, விக்காத புக்கையெல்லாம் பதிப்பாளருக்குத் திருப்பி அனுப்பறதுக்கு நின்னுக்கிட்டே கட்டிக்கிட்டிருந்தா. ரெண்டு மாசமா இப்படித்தானாம். வீட்டுல ஒரு வார்த்தை சொல்லல. தினமும் அதே நேரத்துக்குக் கிளம்பறா, அதே நேரத்துக்கு வர்றா.

அங்க இருந்த பொண்ணுதான் என்கிட்டச் சொல்லுச்சு. ‘மேடம் ஒரு பக்கத்தை விட்டுட்டாங்கன்னு அந்த ஆபீஸர் இங்கேயே வச்சு, எல்லார் முன்னாடியும் கத்தினாரு சார். மேடம் என் கவனக்குறைவுதான்னு சொல்லிட்டாங்க’ன்னுச்சு.

எனக்கு உன் முகத்துல முழிக்கவே கூச்சமா இருக்கு பாப்பா. நீ எவ்வளவு பாடுபட்டு எழுதின புக்கு. அவ பண்ணின தப்பால உன் பேருக்கு ஒரு சொல் வந்துடுச்சே. அவ வேணும்னு செஞ்சிருக்க மாட்டா. வயசாகுது, பிரஷர் வேற. நீ மனசுல வச்சுக்காதே. அவ சார்பா நான் மன்னிப்புக் கேட்டுக்கறேன்.

உடம்பைப் பார்த்துக்கோ.

அண்ணன்

டிசம்பர் 16

அண்ணிக்கு,

அண்ணன் எனக்கு எழுதியிருக்கிறார். அவரைத் திட்டாதீர்கள். உங்களுக்காக என்னிடம் மன்னிப்புக் கேட்டிருக்கிறார். அந்தக் கடிதத்தை ஆசிரியர்கள் அறையில் பிரித்தேன். பக்கத்து மேஜைக்காரர், ‘என்ன மேடம், ஊரில் ஏதாவது விசேஷமா?’ என்று கேட்டார். இல்லை என்றேன்.

இன்று காலை பதிவாளருக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். நகல் இதோடு இருக்கிறது. அதில் இருப்பது இவ்வளவுதான்: முதல் கோப்பில் அந்தப் பக்கம் இருந்தது. நான்தான் எடுத்தேன். எதை அச்சிடுவது என்று கடை எழுத்தில் கேட்டது. நான் எழுத்தில் பதில் சொன்னேன். இணையப் பதிப்பின் கடைசிப் பக்கத்தில் அவர் பெயரைச் சேர்த்தது கூட்டத்துக்கு முதல் நாள். கூட்டத்தில் கடையின் மேல் பழி போனபோது நான் வாயைத் திறக்கவில்லை.

அதில் எழுதாத ஒன்றை உங்களுக்கு எழுதுகிறேன். எடுத்ததற்குப் பெரிய காரணம் இல்லை. பதவி உயர்வு எதுவும் வரவில்லை, வருவதாகவும் இல்லை. அந்தப் பக்கத்தைப் படித்துப் பார்த்தேன். ஒன்பது அவருடையது, இரண்டு என்னுடையது. அப்படியானால் அட்டையில் என் பெயருக்கு என்ன வேலை என்று தோன்றியது. மாணவர்களின் ஆய்வில் தங்கள் பெயரைச் சேர்த்துக்கொள்ளும் சக ஆசிரியர்களைப் பற்றி உங்களிடம் எத்தனை கதை சொல்லிச் சிரித்திருக்கிறேன். அவர்களாவது ஆய்வைப் படிக்காமல் பெயர் போட்டவர்கள். நான் ஒவ்வொரு வரியையும் படித்துவிட்டுச் செய்தேன்.

வகுப்பிலும் சொன்னேன். பிறகு ஒரு மாணவர் கையைத் தூக்கி, ‘அப்ப பரீட்சைக்கு அதே புக்குதானே மேடம்?’ என்றார்.

அண்ணனுக்குத் தனியாக ஒரு கடிதம் இந்தப் பையிலேயே இருக்கிறது. அவரிடம் கொடுத்துவிடுங்கள். அடுத்த மாதம் இரண்டு நாள் விடுப்பு எடுத்து உங்கள் வீட்டுக்கு வரலாமா? வரவேண்டாம் என்றாலும் எழுதுங்கள்.

உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்கக் கூச்சமாக இருக்கிறது. கேட்கிறேன். எப்படி இருக்கிறீர்கள்?

பாப்பா

ஜனவரி 5

பாப்பாவுக்கு,

கேட்டதுக்குச் சொல்றேன். பிரஷர் ஏறித்தான் இருக்கு. நாள் முழுக்க நிக்கறதுல கால் வீங்குது. இப்ப உக்கார நாற்காலி திரும்ப வந்துடுச்சு, அது வேற கதை, கீழ எழுதறேன்.

உன் கடிதத்தை உங்க அண்ணன் படிச்சாரு. ரெண்டு நாள் ரேடியோ கூடப் போடல. மூணாம் நாள், ‘அந்தப் பெரியவர் பேரு என்ன?’ன்னு கேட்டாரு. சொன்னேன். முன் அறையில இருந்த புக்கை எடுத்து, அட்டையில உன் பேருக்கு மேல பேனாவால எழுதினாரு. உன் பேரை அடிக்கல. நானும் என்னன்னு கேக்கல.

உன்னை ஏன் காட்டிக் கொடுக்கலன்னு நினைச்சிருப்ப. நல்ல மனசெல்லாம் இல்ல. அந்த ஆபீஸர் வந்தப்ப ரெண்டு கோப்பும் கம்ப்யூட்டர்லதான் இருந்துச்சு. உன் கடிதம் மேஜை டிராயர்ல இருந்துச்சு. எடுத்துக் காட்ட ரெண்டு நிமிஷம் ஆகாது. ஆனா தப்புன்னு தெரிஞ்சும் அடிச்சவ நான். நாலின் மடங்குன்னு நீ கதை விட்டப்பவே, ‘முடியாது, அந்தப் பக்கம் இல்லாம என் கடையில இருந்து இது வெளிய போகாது’ன்னு சொல்லியிருக்கணும். சொல்லல. முந்நூறு பிரதிக்கு மேல கையால வித்தேன். அதனால கவனக்குறைவுன்னு சொன்னதுல பாதி நிஜம்.

இன்னொண்ணு. அக்டோபர்லயே அந்தப் பெரியவருக்குக் கடை பேர்ல மன்னிப்புக் கேட்டு எழுதினேன். பத்தே நாள்ல பதில் வந்துச்சு. கோபமே இல்ல. எத்தனை பிள்ளைங்க படிக்கறாங்கன்னு கேட்டிருந்தாரு. எண்ணிக்கையை எழுதினேன், ரொம்ப சந்தோஷம்னு மறுபடி எழுதினாரு. நீ எழுதின ரெண்டு அத்தியாயமும் நல்லா இருக்குன்னு கூட எழுதியிருக்காரு. இதை உன்கிட்டச் சொல்லாம மறைச்சேன். அவர் கோபப்படலன்னு தெரிஞ்சா நீ வாயைத் திறக்காமலே இருந்திருப்ப. அதான் சொல்லல.

பதிவாளர்கிட்ட இருந்து நேத்து கவர் வந்துச்சு. தவறான புரிதலாம், வருந்துகிறார்களாம், பழைய பொறுப்பைத் திரும்ப ஏத்துக்கணுமாம். புத்தகத் திட்டம் நடக்கும், உன்னைக் குழுவுல இருந்து எடுத்துட்டாங்கன்னும் அதுலயே இருந்துச்சு.

கத்தினது கடை நடுவுல பாப்பா. மூணு பொண்ணுங்க முன்னாடி, பில் போட வரிசையில நின்ன பிள்ளைங்க முன்னாடி. தப்பு என்னோடது இல்லைன்னு சொல்றது மட்டும் கவருக்குள்ள ஒட்டி வருது. அந்தப் பொண்ணுங்க இப்பவும் நான் எதைத் தூக்கினாலும் ஓடி வந்து, ‘நீங்க விடுங்க மேடம், நாங்க சரிபார்த்துக்கறோம்’ங்குதுங்க. அக்கறையாத்தான் சொல்லுதுங்க. அதுதான் தாங்கல. நானே அவங்ககிட்ட உன்னைப் பத்திச் சொல்ல மாட்டேன். அது என் வேலை இல்ல.

வீட்டுக்கு வரலாமான்னு கேட்டிருக்க. வீட்டுக்கு அப்புறம் வா. முதல்ல கடைக்கு வா.

அண்ணி

ஜனவரி 10

அன்புள்ள அண்ணிக்கு,

உட்கார நாற்காலி வந்துவிட்டது என்று படித்த வரியை மட்டும் பலமுறை படித்தேன். காலை உயரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது, தொண்டை உட்பட.

இருபத்தொன்றாம் தேதி செவ்வாய்க்கிழமை வருகிறேன். ரயில் காலை எட்டேகாலுக்கு வந்துவிடும். மதிய வகுப்புகள் தொடங்கிய பிறகு கடைக்கு வருவதாகத்தான் முதலில் எழுதினேன். அந்த நேரத்தில் அந்த மூன்று பேரில் இரண்டு பேர் சாப்பிடப் போயிருப்பார்கள், வரிசையும் இருக்காது என்று கணக்குப் போட்டிருந்தேன். அந்தத் தாளைக் கிழித்துவிட்டு இதை எழுதுகிறேன். கிழித்ததைச் சொல்லாமல் விட்டால் இதுவும் இன்னொரு பக்கத்தை எடுத்த மாதிரி ஆகிவிடும்.

பத்து மணிக்குக் கடை திறக்கும்போது வந்து, வரிசை சேரும்வரை நின்றுகொண்டிருப்பேன். நீங்கள் என்னை யாருக்கும் அறிமுகப்படுத்த வேண்டாம், நானே சொல்லிக்கொள்கிறேன்.

பாப்பா